நெல்டா பெரிய வண்டியை விற்ற கதையை எழுதும்போது

1

இந்தக் கதை ஒரு விரலிலிருந்து பிறந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்து ரோடுகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். கையையே எடுத்து ஆட்டினால் வெளியூர்க்காரன். தூக்காமல் போனால் தலைக்கனம் பிடித்தவன். மேற்கு டெக்சஸின் இந்தப் பருத்திக் காட்டுக்கு வேதியியல் வாத்தியாராக வந்த புதிதில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு வருடம் தலைக்கனம் பிடித்தவனாகவே இருந்தேன்.

போன செப்டம்பரில் எதிரே நெல்டா ஸ்ட்ரிக்லண்டின் பின்னால் திறந்த தொட்டி வைத்த வெள்ளை பிக்கப் வந்தது. அவ்வளவு பெரிய வண்டி வந்தால் நம் வண்டி தானாகவே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். நான் விரலைத் தூக்கினேன். அங்கிருந்தும் ஒரு விரல் எழுந்தது. ஆனால் அது மீசை வைத்த ஓர் ஆளின் விரல். நெல்டாவுக்கு மீசை கிடையாது.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று விசாரித்தது அப்புறம்தான். (கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறோம். வெளியே சொல்வதில்லை.)

2

முதல் வரி, வரைவு ஒன்று: "அந்த வண்டி மலை மாதிரி இருந்தது." எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மலையே இல்லை. மேஜைப் பலகை மாதிரி தட்டையான பூமி. அடித்துவிட்டேன்.

வரைவு இரண்டு: "பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவதில்தான் மனித வாழ்வின்—" வேண்டாம். நெல்டா கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

வரைவு மூன்று, பிழைத்துக்கொண்டது: நெல்டாவுக்கு அறுபத்து மூன்று வயது. இடது முழங்கால் போய்விட்டது.

கால் நூற்றாண்டு பள்ளி பஸ் ஓட்டியவள் அவள். இந்தக் கவுண்டியில் எந்தக் குழி எந்த வருடம் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும், அந்தக் குழிகளை மூட வேண்டிய சாலைக் கமிஷனர் பதவிக்கு நின்றாள். நவம்பரில் தேர்தல். எதிரே நிற்பவர், பல வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டப் ஹேச்சர். டப்பைப் பிடிக்காதவர்கள் குறைவு. அவர் போட்ட ரோட்டைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு.

பிரச்சாரத்துக்குத் தடையாக இருந்தது வண்டிதான். முட்டி போனபின் அவளால் அதில் ஏற முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலுக்குக் கயிறு கட்டி வைத்திருந்தாள். ஸ்டூலைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி, பிடியைப் பற்றித் தொங்கி உள்ளே விழுந்து, பிறகு கயிற்றை இழுத்து ஸ்டூலை மேலே எடுப்பாள். இதைத் தபாலாபீஸ் வாசலில் நாலு பேர் பார்க்கச் செய்வாள். மாடுகளை விற்று நாளாகிவிட்டது. பின்னால் அந்தப் பெரிய தொட்டியில் நாய்த் தீனி மூட்டை ஒன்றும் காற்றும்தான் பயணம் செய்தன. ஆக, ஒரு நாள் அதை விற்றுவிட்டு, மணல் நிறத்தில் ஒரு சின்ன பிக்கப்போடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் ராய்ஸ் வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மீதி எங்க?"

"எதோட மீதி?"

"வண்டியோட மீதி. பின்னாடி லாரில வருதா?"

"வாயை மூடிட்டு உள்ள உக்காரு."

ராய்ஸ் தாடி வைத்த ஆறரை அடி ஆள். மடங்கி மடங்கி உள்ளே போய், முட்டியை மோவாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்: "பரவால்ல. தாடியை எங்க வெச்சுக்கறதுன்னு இத்தன நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

"நாய்க்கு இடம் பத்துது. உனக்குப் பத்தலன்னா நடந்து வா."

அப்புறம் அவன் குரல் மாறியது. "ஏம்மா, எலெக்‌ஷன் வருதே. இந்த ஊர்ல வண்டியப் பாத்துதான ஆளையே தெரியும். டப் சும்மா விடுவானா? நவம்பர் வரைக்கும் பழசையே ஓட்டியிருக்கலாம்ல?"

"கயிறு கட்டி ஸ்டூல இழுக்கறவளுக்கு ஓட்டுப் போடுவாங்களா, டக்குன்னு எறங்கி நடந்து வர்றவளுக்குப் போடுவாங்களா?"

சீட்டிலிருந்து வெளியே வர ராய்ஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

[வாசகரே, இந்த இடத்தில் நெல்டாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தேர்தல் நேரத்தில் அடையாளத்தையே விற்கிற பெண்ணை யார் நம்புவார்கள்? வேறு காரணம் வைத்துப் பார்த்தேன்: கடன், பிடிவாதம், இறந்துபோன அண்ணனின் நினைவு. ஒன்றும் ஒட்டவில்லை. முட்டிதான் காரணம். முட்டி வலித்தவர்கள் நம்புவார்கள்.]

3

முதல் வாரமே அவளுக்குப் புரிந்தது. விரலைத் தூக்குகிறாள்; எதிரே ஒருவரும் தூக்கவில்லை. பஸ்ஸில் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்த பையன்கள், இன்று டிராக்டர் ஓட்டும் ஆண்கள், முகத்தைப் பார்க்காமலே போனார்கள். ஊர் முழுக்க உறவு என்று நினைத்திருந்தவளுக்கு, இத்தனை நாள் வணக்கம் வாங்கியது தான் இல்லை, இரும்பு என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? வலித்தது. முட்டியைவிட அதிகமாக வலித்தது.

ஒரு நாள் தூரத்தில் தெரிந்த வெள்ளை வண்டிக்கு அவளே பழக்கத்தில் விரலைத் தூக்கிவிட்டாள். அது அவள் விற்ற வண்டி.

வாங்கியவர் எஃப்ரைன் லுஹான். குளிர்பெட்டி மெக்கானிக். நான் பார்த்த மீசை அவருடையதுதான். அவர் சின்ன வண்டியிலிருந்து பெரியதற்கு ஏறியவர். கம்ப்ரஸர்களைத் தூக்கிப் போக இடம் வேண்டும். பின்பக்கம் பம்பரில் "சாலைக்கு நெல்டா" என்று கொட்டை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். விற்ற அன்று அவள் அதைச் சுரண்டப் போனாள்.

"விடுங்க மிஸ் நெல்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் லுஹான்.

அவளும் விட்டுவிட்டாள்.*

* இந்த நட்சத்திரக் குறியை ஒரு சின்ன எச்சரிக்கையாக வைத்திருக்கிறேன். கெட்டிக்கார வாசகர்கள் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

4

கவுண்டி எல்லையில் ஒரு பீர்க்கடை. ஞாயிறு காலையில் கடை மூடியிருக்கும்போதுதான் அதன் குளிர்பெட்டியைக் கழற்றி வேலை பார்க்க முடியும். ஆகவே லுஹான் ஞாயிறு காலையில் அங்கே இருந்தார். ஆகவே வெள்ளை வண்டியும் அங்கே நின்றது. மதுவைத் தொடாத பாப்டிஸ்ட்காரர்கள் சர்ச்சுக்குப் போகிற வழியும் அதுதான்.

"சர்ச் நேரத்துல! வாசல்லயே நிறுத்தியிருக்கா! ஸ்டிக்கரோட!" என்றது ஊர்.

நெல்டா அந்த நேரத்தில் மெதடிஸ்ட் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் மெதடிஸ்ட் வாசலில் நின்ற மணல் நிற வண்டி யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் புள்ளிக்கட்டை வைத்து டொமினோ ஆடும் மேஜையில் டப் ஹேச்சர் கட்டையை நகர்த்திக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலப்பா. தாகம் எல்லாருக்கும் வர்றதுதான்."

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் செம்மண் ரோடு நனைந்தால் சோப்பு மாதிரி. வண்டிகள் வரிசையாக ஓரப் பள்ளத்தில் இறங்கின. அப்போது வெள்ளை வண்டி வரும். மீசைக்கார ஆள் இறங்கிச் சங்கிலி மாட்டி இழுத்து விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். ஊர் ஸ்டிக்கரைப் படித்தது.

மளிகைக் கடையில் கோர்டிலியா பென்னிங்டன் நெல்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆள அனுப்பி இழுத்துப் போட்டீங்களே, மகராசியா இருங்க. பீர் குடிச்சா என்ன, மனசு தங்கம்!"

நெல்டா வாயைத் திறப்பதற்குள் கோர்டிலியா போய்விட்டாள். மறுநாள் வாசல்படியில் பூசணிக் கேக். அதற்கடுத்த நாள் இன்னொன்று.

பழியும் புகழும் ஒரே வண்டியில் வந்து இறங்கியிருந்தன. "அது என் வண்டி இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி போய்விடும். கூடவே புகழும் போய்விடும். இப்போதைக்குப் புகழின் எடைதான் அதிகம். அதை வைத்தே ஜெயித்துவிடலாம்.

"பேசாம இரு" என்றான் ராய்ஸ், மூன்றாவது துண்டை வெட்டிக்கொண்டே. "பொய்யா சொன்ன? ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான?"

"பஸ்ஸுல பசங்க இப்படித்தான் சொல்லும். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு."

5

பள்ளி உணவுக்கூடத்தில் வேட்பாளர் கூட்டம். இந்தக் காட்சியை நான் மூன்று விதமாக எழுதினேன்.

அ. நெல்டா பேசாமல் இருந்து ஜெயிக்கிறாள். ஒவ்வொரு மழையிலும் குற்றவுணர்ச்சி. [பருவமழை நாவலாகிவிடும். கிழித்தேன்.]

ஆ. நெல்டா உண்மையைச் சொன்னதும் கூட்டமே எழுந்து நின்று கைதட்டுகிறது. [எங்கள் ஊர்க்காரர்கள் தேசிய கீதத்துக்குத் தவிர எதற்கும் அவ்வளவு சீக்கிரம் எழ மாட்டார்கள்.]

இ. வருவது இதுதான்.

டப் முதலில் பேசினார். "என் வண்டி வெளிய நிக்குது, எல்லாருக்கும் தெரியும். நெல்டாவோடது எது, எங்க நிக்கும்னு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தேட வேண்டியிருக்கு." கூடம் சிரித்தது.

நெல்டா எழுந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இறங்கவில்லை. அதை விட்டுவிட்டு, பஸ்ஸில் பின்சீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரலில் பேசினாள்.

"அந்த வெள்ளை வண்டி என்னுது இல்ல. செப்டம்பர்லயே வித்துட்டேன். பீர்க்கடை வாசல்ல நின்னதும் நான் இல்ல. மழையில உங்கள இழுத்து விட்டதும் நான் இல்ல. நான் யாரையும் அனுப்பவும் இல்ல. அவரு எஃப்ரைன் லுஹான், குளிர்பெட்டி மெக்கானிக். அந்தா, கதவுகிட்ட நிக்கறாரு. நன்றி சொல்றதுன்னா அவருக்குச் சொல்லுங்க. கேக் குடுத்தவங்க மன்னிக்கணும். ராய்ஸ் தின்னுட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் தரையைப் பார்த்தான்.

டப் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க ஒருத்தரையும் இழுக்கல?"

"இழுக்கல. என் வண்டியால அது ஆகாது."

தேர்தலைத் தட்டில் வைத்து டப்பிடம் நீட்டிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றுகொண்டே இருந்தாள்.

கோர்டிலியாதான் திரும்பி லுஹானைக் கேட்டாள். "எங்களுக்கு முன்னால எத்தனயோ வண்டி நிக்காமப் போச்சு. நீங்க எதுக்கு நின்னீங்க? எங்கள உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாதே!"

லுஹான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றினார். கூட்டத்தில் பேசிப் பழகாதவர்.

"எனக்கும் அவசரந்தாங்க. கறிக்கடையில குளிர்பெட்டி நின்னுபோச்சுன்னு கூப்பிட்டிருந்தாங்க. உண்மையச் சொல்லணும்னா, என் பழைய வண்டியா இருந்தா நானும் போயிருப்பேன். ஆனா இதுல பின்னாடி மிஸ் நெல்டா பேரு ஒட்டியிருக்கு. எம் பொண்ணு தெனமும் லேட்டு. அவ ஓடி வந்து ஏறுற வரைக்கும் இந்தம்மா ஒரு நாள்கூட பஸ்ஸ எடுத்ததில்ல. அவங்க பேர முதுகுல ஒட்டிக்கிட்டு, ரோட்ல ஒரு ஆள் நிக்கறப்ப எப்படிங்க நிக்காமப் போறது?"

கைதட்டல் இல்லை. (ஆ-வைத்தான் தள்ளிவிட்டேனே.) ஒரு நாற்காலி நகர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு டிராக்டர்காரன், "எனக்கும் காத்திருந்தாங்க" என்றான். இன்னொருவன், "எனக்கும்" என்றான். "என் தம்பிக்கு ஷூ தேடறவரைக்கும்" என்றாள் ஒருத்தி. கூடம் முழுக்க, லேட்டாக வந்த பிள்ளைகள் வளர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நெல்டா அவர்களை முதல்தடவையாக மொத்தமாகப் பார்த்தாள். இரும்புக்கு விழுந்த வணக்கம் என்று இரண்டு மாதமாக அழுததெல்லாம் வீண் என்று அவளுக்குத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்தச் சின்ன வண்டியைப் பார்க்க வெளியே போனார்கள். ஆண்கள் வழக்கப்படி டயரை உதைத்துப் பார்த்தார்கள். ராய்ஸ் உள்ளே மடங்கிக் காட்டினான். கடைசியில் டப் ஹேச்சரே, கேலி செய்வதற்காகக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவருக்கும் இடுப்பு சரியில்லை, ஊருக்கே தெரியும்.

"அட" என்றார். "ஏறவே வேண்டாமா?"

"வேணாம்" என்றாள் நெல்டா. "உக்காந்தாப் போதும்."

டப் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். சீட்டை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். அவர் மனைவி வந்து கூப்பிடும்வரை இறங்கவில்லை.

6

இங்கே கதையை நிறுத்துவதாக இருந்தேன். தேர்தல் நாள், வாக்குப் பெட்டி, சாம்பல் நிற வானம். யார் ஜெயித்தார் என்பதை வாசகரே, உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று. இலக்கியத்தில் அதற்கு மரியாதை அதிகம்.

அவளைப் பற்றிய கதை என்பதால், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வரி வரியாக அவள் பாஷையில் சொல்லிக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"சரி வாத்தியாரே, யாரு ஜெயிச்சா?"

"அத வாசகர்கிட்ட விட்டிருக்கேன்."

"எந்த வாசகர்?"

"தமிழ் படிக்கறவங்க. கடலுக்கு அந்தப் பக்கம்."

"அவங்களுக்கு இந்தக் கவுண்டில ஓட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் அவங்க யாரு முடிவு பண்றதுக்கு? இந்த முட்டிய வெச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்குனது நானு. எண்ணி முடிச்சு அறிவிச்சப்ப நீயுந்தான அங்க நின்ன? பேனாவ எடு."

நல்ல கதைகளில் முடிவைத் திறந்து வைப்பார்கள் என்று விளக்கப் பார்த்தேன்.

"நல்ல கதையில ஜெயிச்சவ ஜெயிச்சான்னு சொல்லக் கூடாதா?"

பேனாவை எடுத்தேன். எழுதுகிறேன்: நெல்டா ஸ்ட்ரிக்லண்ட் ஜெயித்தாள்.

எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதையாவது வாசகரிடம் விடட்டுமா என்று கேட்டேன். அடுப்புப் பக்கமிருந்து ராய்ஸ், "பதினொண்ணு" என்றான்.

புதுக் கமிஷனர் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை.

"நிறைய," என்றாள். "நிறையன்னு போடு."