பன்னிசுட்ட மருதப்பன் மகள்

சங்கரன்கோவிலில் வந்து மருதப்பன் என்று விசாரித்தால் ஒருத்தனும் வழி சொல்லமாட்டான். பன்னிசுட்ட மருதப்பன் என்று கேட்டுப் பாருங்கள், ராஜபாளையம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற என் கடை வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவான். முப்பது வருசமாக எனக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் சட்டென்று திரும்பமாட்டேன். ஒரு நொடி பொறுத்துத்தான் திரும்புவேன். கெத்து என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கெத்தும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நான் பன்னியைச் சுடவே இல்லை.

நடந்தது இதுதான். கல்யாணமான புதிது. பனவடலிசத்திரத்தில் என் மாமனாரின் மக்காச்சோளத்தைப் பன்றி வந்து அழித்துக்கொண்டிருந்தது. அவர் திருச்செந்தூருக்குக் கிளம்பும்போது தன் லைசென்ஸ் துப்பாக்கியையும் ஒரே ஒரு தோட்டாவையும் கொடுத்து, "மாப்ளே, வானத்தப் பாத்து ஒண்ணு போட்டீகன்னா ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மோட்டார் ரூமில் அடித்துப்போட்டமாதிரி தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் கிணற்றில் ஒரு பன்றி செத்து மிதக்கிறது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, ஓடிவந்த வேகத்தில் விழுந்திருக்கிறது. கயிற்றைப் போட்டு டிராக்டரில் கட்டி இழுத்து மேட்டில் கிடத்தினேன். செத்ததுதானா என்று சந்தேகம். எழுந்துவிட்டால்? துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ஊர் வந்தது.

"யப்பா! நீயா சுட்ட?" என்றான் ஒருத்தன். நான் வாயைத் திறப்பதற்குள், "பின்ன உங்க பாட்டனா சுட்டான்?" என்றான் இன்னொருத்தன். "ஈரமா இருக்கே?" "குண்டு பட்டதும் தண்ணிக்குள்ள விழுந்திருக்கும்." "காயத்தக் காணமே?" "வாய்க்குள்ள போயிருக்கும்வே!" எல்லாக் கேள்வியையும் அவர்களே கேட்டு எல்லாப் பதிலையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கறி பங்கு போட்டு அன்றைக்கே தின்று தீர்த்தார்கள்.

என் மகள் கோமதித்தாய் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். சோறு இறங்க வேண்டுமென்றால் பன்னிக் கதை, காய்ச்சலென்றால் பன்னிக் கதை. நானும் வருசத்துக்கு வருசம் பன்னிக்கு எடை கூட்டிக்கொண்டே போனேன். பன்னிசுட்டான் மகள் என்று சொல்லித்தான் காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து ரைபிளைப் பிடித்தாள். மாநில அளவில் மெடல் வாங்கினாள். மெடலை என் கழுத்தில் போட்டு, "இது உங்க ரத்தம்ப்பா" என்றாள். நான் அதைக் கழற்றி அவள் கழுத்திலேயே திரும்பப் போட்டேன்.

படித்து முடித்து, நிலத்தடி நீர் பார்க்கிற வேலைக்கு ஆப்பிரிக்கா போனாள். நமீபியா. அங்கே எல்சா என்று ஒரு பண்ணைக்காரி, அறுபது வயது, ஒத்தையாளாக நின்று பெரிய காட்டையே ஆள்கிறவள். மூன்று பேர் வந்து போர் போட்டும் தூசிதான் வந்ததாம். என் மகள் காட்டிய இடத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. அந்தச் சந்தோசத்தில் எல்சா கொடுத்த பரிசு எனக்கு வினையாக வந்தது.

"அப்பா, இங்கன ஈலாண்டுன்னு ஒரு மான்" என்றாள் கோமதி போனில். "மானுன்னா நம்ம ஊரு மான் இல்ல, காளைய விடப் பெருசு. கவர்மெண்ட் பெர்மிட்டோட ஒண்ணு சுட்டுக்கோன்னு எனக்குத் தந்திருக்காங்க. ஆனா சுடப்போறது நீங்க. டிக்கெட் போட்டுட்டேன்."

"ஏட்டி, கடையில வேலை தலைக்கு மேல கெடக்கு."

"பன்னிசுட்ட மருதப்பனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? வாங்கப்பா!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது, எதிரே இரும்புக்கடை சுந்தரராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுவரை சேதி போய்விட்டது. வீட்டில் என் பெண்டாட்டி ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டே பெட்டியில் துணியை அடுக்கினாள். எனக்குப் பயம் மானைப் பார்த்து இல்லை. என் சாயம் மகள் முன்னால் வெளுக்கப்போகிறதே, அந்தப் பிள்ளை இனி என்னை எந்தக் கண்ணால் பார்க்கும் என்றுதான் எனக்குப் பயம்.

போய் இறங்கினால், ஆடி மாதத்தில் அப்படி ஒரு குளிர், அங்கே அதுதான் குளிர்காலமாம். தரையெல்லாம் முள். நம்ம கரிசல் காட்டில் உடைமுள் மரத்தை மட்டும் விட்டுவைத்தமாதிரி ஒரு தேசம். எல்சா யாரையும் நேரே காட்டுக்குள் விடமாட்டாள். முதலில் குறி வரைந்த அட்டையைச் சுட்டுக் காட்ட வேண்டும். நான் சுட்டேன். தோளில் ஓர் உதை, காதில் ஓர் அறை. அட்டையில் ஓட்டையே இல்லை. அட்டைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. அதிலிருந்து மண் சொரிந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் ஊரில் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, வாயில் போட்டு வளர்ந்தவன் நான். புற்றையா சுடுவேன்? துப்பாக்கியைக் கோமதி கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முள்ளில் ஓடிப்போய் அந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எல்சா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கோமதி என்ன விளக்கம் சொன்னாளோ, அந்த அம்மாளும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டாள். நல்ல மனுசி.

அட்டையை வேறு இடத்தில் நட்டார்கள். அடுத்த மூன்று குண்டும் அட்டையின் ஓரத்தைத்தான் தொட்டன. கண்ணாடி பவர் சரியில்லை என்று சமாளித்தேன். மான் எண்பது அடிக்குள் வந்தால் மட்டும் இவர் சுடட்டும் என்று எல்சா முடிவு சொன்னாள். வரக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வந்தது. யோஹானஸ் என்கிற தடம் பார்ப்பவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால். மூன்று மணி நேரம் நடந்த பிறகு அவர் கையைத் தூக்கினார். முட்புதர் விலகியது. யம்மாடி! தாடை தொங்க, திமில் நிமிர, முறுக்கின கொம்போடு ஓர் ஆண் ஈலாண்டு தனியாக நின்று இலை கடித்துக்கொண்டிருந்தது. எழுபது அடிகூட இருக்காது. மூன்று கம்பைக் கூட்டி நட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்து, கோமதி என்னை முன்னால் தள்ளினாள்.

துப்பாக்கி மேலிருந்த குழாய்க் கண்ணாடியில் பார்த்தேன். அதிலிருந்த குறிக்கோடு மானின் காதிலிருந்து வால்வரை ஊர்வலம் போனது. இனிமேலும் என்னால் முடியவில்லை.

"தாயி," என்றேன் காதோரம், "நான் பன்னியச் சுடலட்டி. அது கெணத்துல விழுந்து செத்தது."

"தெரியும்ப்பா."

"என்னது?"

"சுடாத தோட்டா உங்க சட்டைப் பையில கெடந்துச்சாம். தொவைக்கையில அம்மா எடுத்திருக்கா. நான் ஆறாப்பு படிக்கையிலயே சொல்லிட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன ஏன்ட்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க கதைய நிறுத்திருவீங்க. எனக்கு அந்தக் கதை வேணும். பன்னிசுட்டான் மகளுன்னு சொல்லித்தானே பள்ளிக்கூடத்துல ஒரு பயலும் எங்கிட்ட வாலாட்டல." அவள் கண் மானைவிட்டு அகலவில்லை. "ஒவ்வொரு தடவ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடும்போதும் உங்க மொகம் ஒரு நிமிசம் சுண்டுமே, நான் பாத்திருக்கேன். அதுக்குத்தான் கூட்டியாந்தேன். இப்பச் சுடுங்க. அது நெசமாயிரும்."

இதுக்கு மேல ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள். அழுகை முட்டியது. அதே நேரத்தில் புத்தியும் வந்தது. என் பெயர் நிசமாக வேண்டும் என்று வயிற்றில் குண்டு பட்டு அந்த வாயில்லா ஜீவன் நாள் முழுக்க ஓடிச் சாக வேண்டுமா?

"வேண்டாம் மக்கா. நீ சுடு."

"எனக்குப் பயமா இருக்குப்பா. அட்டையத்தான் சுட்டிருக்கேன். உசுர இல்ல."

"நான் இங்கனதான் நிக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

அவள் முதுகில் கையை வைத்தேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் தெரிந்தது. ஏறியது, இறங்கியது, நின்றது. ஒரே வெடி. ஈலாண்டு துள்ளியது, நாற்பது அடி ஓடியது, முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. அவ்வளவுதான். இரண்டாவது குண்டுக்கு வேலையே இல்லை. யோஹானஸ் தொப்பியைக் கழற்றினார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன். என் மகள்! சங்கரன்கோவில் பிள்ளை! சத்தம் போட்டதில் குருவியெல்லாம் பறந்தது.

எல்சா ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து, கடைசி வாய் உணவாக மானின் வாயில் வைத்தாள். இன்னொன்றைக் கோமதியிடம் கொடுத்தாள். சுட்டவர்களுக்கு அது அங்கே மரியாதையாம். கோமதி அதைப் பூ வைக்கிறமாதிரி சடையில் செருகிக்கொண்டாள். பிறகு துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, மான் பக்கத்தில் குத்தவைத்து அதன் நெற்றியைத் தடவி அழுதாள். யோஹானஸ் அப்போது என் போனில் எங்கள் இருவரையும் ஒரு போட்டோ எடுத்தார். கறி முழுவதும் பண்ணை ஆட்களின் வீடுகளுக்குப் பங்கு போனது. நிசமாகவே சுட்டு எடுத்த கறி. நான் அந்தக் கிணற்றுப் பன்றியின் பங்கை நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் புத்தி பழையபடி நொண்டியடித்தது. அந்தப் போட்டோவைச் சுந்தரராஜ் அண்ணாச்சிக்கு அனுப்பினேன். யார் சுட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோமதியும் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். தேரடி பக்கம் கார் திரும்பியதும் டிரைவர் பிரேக் போட்டார். முப்பது அடி நீளத்துக்கு பிளக்ஸ். 'ஆப்பிரிக்கக் காட்டை அலறவிட்ட பன்னிசுட்ட மருதப்பன் அண்ணாச்சியே வருக!' நடுவில் நான், துப்பாக்கியோடு. என் மீசையைக் கம்ப்யூட்டரில் முறுக்கிவிட்டிருந்தார்கள். பின்னால் கேட்காமலே ஒரு சிங்கம். கோமதியை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில், மானின் நெற்றிமேல் அவளுடைய நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. விடுங்க" என்றாள் அவள். சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் அந்த நாலு விரலை அவள் பார்த்த பார்வையை நான் பார்த்துவிட்டேன்.

வேட்டுச் சத்தம், மேளம். ராஜேஸ்வரியும் கூட்டத்தில் நின்றாள். சுந்தரராஜ் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, என் தோளில் பொன்னாடையைப் போட்டு, "ரெண்டு வார்த்த பேசும்வே!" என்றார். கையில் துப்பாக்கி, பக்கத்தில் செத்த மிருகம், முன்னால் ஊர். முப்பது வருசத்துக்கு முந்தைய அதே கிணற்று மேடுதான் அந்த பிளக்ஸில் என்னைப் பார்த்து நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இன்னும் முப்பது வருசம் ஓட்டிவிடலாம்.

"நிறுத்துங்கலே மேளத்த!" என்று கத்தினேன். "இந்த மானச் சுட்டது நான் இல்ல. என் மக கோமதித்தாய். ஒரே குண்டு! நான் சுட்டதெல்லாம் ஒரு மண்புத்தத்தான்."

கூட்டம் சிரித்தது. தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். "அண்ணாச்சி வெளையாடுதாரு!" என்றான் ஒருவன். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"வெளையாடலவே! பன்னியவும் நான் சுடல. அது கெணத்துல விழுந்து செத்துச்சு. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்!"

சுந்தரராஜ் அண்ணாச்சியின் முகம்தான் முதலில் மாறியது. அன்றைக்குப் பனவடலிசத்திரத்துக்கே வந்து இரண்டு பங்கு கறி வாங்கினவர் அவர்.

"அடப்பாவி! செத்து மெதந்ததயா எங்களுக்குக் கறி போட்ட?"

"முப்பது வருசத்துக்கு முன்னால தின்னது. இப்ப வாந்தி எடுக்கவா போறீரு? மெளகு தூக்கலா போட்டு நல்லாத்தானே தின்னீரு!"

அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். நான் கோமதியின் கையைப் பிடித்து மைக் முன்னால் இழுத்து நிறுத்தி, பொன்னாடையை உருவி அவள் தோளில் போட்டேன். "இவதான்வே! நல்லாப் பாத்துக்கிடுங்க!"

பூ விற்கிற பிச்சம்மாள்தான் முதலில் குலவை போட்டாள். அடுத்து ராஜேஸ்வரி. அப்புறம் தேரடிப் பொம்பிளைகள் எல்லாரும். குலவைச் சத்தத்தில் மைக் ஊளையிட்டது. பிச்சம்மாள் கூடையிலிருந்து ஒரு பந்து மல்லிகையை அள்ளிக் கோமதி மேல் எறிந்தாள். என் மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள், அழுகையும் சிரிப்புமாக. மறுநாளே அந்த பிளக்ஸ் இறங்கி வேறொன்று ஏறியது. அதில் அவள் மட்டும்தான், சடையில் பச்சைக் கொப்போடு. சிங்கத்தை மட்டும் பிளக்ஸ் கடைக்காரன் எடுக்க மறுத்துவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான்.

"மான்சுட்டவ அப்பா! டீ போடவா?"

சட்டென்று திரும்பிவிட்டேன்.