அரை மார்க் ஆபீசரின் தாராளம்

என் கணவருக்கு ஆபீசில் 'அரை மார்க்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவரும் என்னவோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். இருபத்தாறு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே வேலைதான் பார்த்தோம். குளிக்க, நடக்க, நேரத்துக்கு மாத்திரை விழுங்க இன்னொருவர் கை தேவைப்படுகிற வயசானவர்கள், ஒரு கிராமப்புற வட்டாரத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா என்று நேரில் போய்ப் பார்த்து மார்க் போடுவது. இருபது கேள்வி, கேள்விக்கு ஐந்து மார்க். மொத்தம் ஐம்பதைத் தொட்டால் அந்த வட்டாரம் தேறியது. இவர் கையால் எந்த வட்டாரமும் எந்தக் கேள்விக்கும் ஐந்து வாங்கியதில்லை. "அஞ்சு குடுத்தா அதோட திருந்தறதை விட்டுடுவாங்க" என்பார். நாலரைதான் உச்சம்.

அந்த மனுஷனையே கொண்டுபோய் விடலாமா என்று பார்க்கத்தான், ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து நாங்கள் மறுபடி ஒரு வட்டாரத்துக்குக் கிளம்பினோம்.

இவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கையும் வலது காலும் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. பேச்சு மெதுவாக வரும், ஆனால் வரும். "ஏதாவது ஒரு இல்லத்துல சேந்துக்கறேன்" என்று ஆரம்பித்தது இவர்தான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எந்த வட்டாரம் என்றாவது கேட்போமே என்று கேட்டேன். கல்யாணமான வருஷம் நாங்கள் முதல்முதலாகச் சேர்ந்து ஆய்வுக்குப் போன வட்டாரத்தைச் சொன்னார்.

"போய்ப் பாக்கலாம். தேறலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன்.

"சரி" என்றார்.

தேற விடுவேனா நான்?

பழைய முறைப்படியே செய்வது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு படிவம். ஒருவர் போடும் மார்க்கை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். மொத்தத்தில் ஏழு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், சேர்ந்து போய் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்தச் சாலையில் நான் காரை ஓட்டிக்கொண்டு போனபோது, இவர் ஓட்டிய ஜீப்தான் நினைவுக்கு வந்தது. அதன் கதவு சரியாகச் சாத்தாது. ஒரு கையால் கதவையும் மறு கையால் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி வீடு வரைக்கும் எத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்ப்பேன். மத்தியானம் ஏதாவது மரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படிவங்களை ஒப்பிடுவோம். மருந்துக்கடைக்கு நான் மூன்று போட்டிருந்தால் இவர் இரண்டரை போட்டிருப்பார். அந்த அரை மார்க்குக்காக நாங்கள் கத்துகிற கத்தலில் சாப்பாடு ஆறிப்போகும், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

குளியலறைக் கைப்பிடியைச் சோதிப்பதற்கென்று இவருக்கு ஒரு வழி உண்டு. உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்க விடுவார். ஓர் இல்லத்தில் கைப்பிடி, சுவரின் ஓடு, இவர் மூன்றும் சேர்ந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தன. விழுந்த இடத்திலிருந்தே "கைப்பிடி, பூஜ்யம்!" என்று சத்தமாகச் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் எழுதிக்கொண்டேன்.

நாங்கள் பார்க்க வந்த இல்லத்தில் மேற்பார்வையாளர் வாசலுக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயசு இருக்கலாம், கலகலவென்ற பெண். இவர் சக்கர நாற்காலியில், மடியில் படிவத்தோடு, இடது கையில் பேனாவோடு. நான் தள்ளிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன். தேடிய அளவுக்குக் கிடைத்தது. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டு நிமிஷம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம், பஸ் என்றால் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு.

"கூட இருந்து பாத்துக்கறவங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"ஒம்பது பேரும்மா. இன்னும் மூணு இடம் காலியா இருக்கு. கிராமத்துப் பக்கம் ஆள் கிடைக்கறது கஷ்டம்மா."

உள்ளுக்குள் எனக்கு ஏக சந்தோஷம். ஆனால் அந்தப் பெண், எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் எந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள், எது பாக்கி என்று எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அதை மட்டும் கவனிக்காதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பார்வையாளர் அறையில் உட்கார்ந்து படிவங்களை மேஜையில் வைத்தோம். என் மொத்தம் முப்பத்தாறு. இவருடையது எண்பத்து நான்கு. ஏழு கேள்விகளுக்கு ஐந்துக்கு ஐந்து!

"ஆம்புலன்ஸுக்கு அஞ்சா? முப்பத்தெட்டு நிமிஷம்ங்க! அந்தக் காலத்துல இருபத்தஞ்சு நிமிஷத்துக்கே ரெண்டு போட்டவரு நீங்க!"

"நீ மட்டும்?" என்றார் இவர். "குளியலறைக் கைப்பிடிக்கு... ஒண்ணு போட்டிருக்க. அதுல... யானையைக் கட்டலாம்."

கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு திருடர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது இவர்தான். சிரித்தால் இப்போதெல்லாம் வாய் ஒரு பக்கம்தான் போகும். நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

விதி விதிதான். மறுபடி முதலிலிருந்து பார்க்கக் கிளம்பினோம். மேற்பார்வையாளர், பாவம், என்ன தப்பு நடந்தது என்று பதறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். இந்தத் தடவை பொய் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நின்று நின்று சண்டை போட்டோம். மருந்து கொடுக்கும் அறை வாசலில் நான் மூன்று என்றேன், இவர் இரண்டரை என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் தலையிட்டார்.

"ரெண்டரையே போடும்மா. போன வாரம் என் மாத்திரை ஒரு நாள் லேட்டு."

இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜீப் ஓட்டிய காலத்து முகம் அது. அந்த ஒரு மணி நேரம் முடியவே கூடாது என்று எனக்கு இருந்தது. முடிந்தது. என் மொத்தம் ஐம்பத்தேழு, இவருடையது ஐம்பத்தெட்டு.

"தேறிடுச்சு" என்றார்.

"தேறினா என்ன? அம்பத்தெட்டு ஒரு மார்க்கா? அதுக்கு நம்ம வீடு எவ்வளவோ தேவலை!"

இவர் சட்டைப் பையில் இடது கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதே படிவம். மேலே எங்கள் வீட்டு விலாசம். எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நான் சமையலறையில் இருக்கும்போதெல்லாம் இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருக்கிறார். மொத்தம் இருபத்து மூன்று.

பழக்க தோஷம், வரிக்கு வரி தப்புத் தேடினேன். குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. சரி. வாசலில் நாலு படி. அதுவும் சரி. பதினான்காவது கேள்வி, பராமரிப்பவர். அங்கே ஆய்வு அறிக்கை எழுதுகிற அதே நடையில் எழுதியிருந்தார்:

'ஒருவர் மட்டும். மனைவி, வயது அறுபத்து மூன்று. இடுப்பு வலி உண்டு, மறைக்கிறார். மாற்று ஆள் இல்லை. சென்ற மாதம் என்னைத் தூக்கும்போது விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை இருவரும் ஒன்றரை மணி நேரம் தரையில் கிடந்தோம். அவர் என்னிடம் ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தார். மார்க்: பூஜ்யம்.'

எனக்குப் பூஜ்யம். பதினான்கு மாதம் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவளுக்குப் பூஜ்யம்! கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, அதோடு சேர்ந்தே அழுகையும் வந்தது. இவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நம்ம வீட்டையும் மறுபடி... போய்ப் பாக்கணுமா?" என்று கேட்டார்.

படிவத்தில் இரண்டாவது ஆய்வாளருக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. பேனாவை வாங்கினேன். பதினான்காவது கேள்விக்கு நேரே ஒரு அரை மார்க்காவது போட்டுக்கொள்ள மனசு துடித்தது. இடுப்பு வலித்தது. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து இவரைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.