மேடை முழுக்கக் குந்தவைகள்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இந்த வருடம் 'சோழர் பொற்காலம்' என்று தலைப்பு வைத்தார்கள். நடனம் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் என் வீட்டு கராஜில் பரதம் கற்கும் பெண்களின் அம்மாக்கள் தனித்தனியாக ஃபோன் செய்தார்கள். எல்லோருக்கும் தங்கள் மகள்தான் குந்தவையாக வர வேண்டும். ராஜராஜனுக்கு என்னவோ ஊர்ப்பட்ட அக்காக்கள் இருந்த மாதிரி.

எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன், நாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு ஆடல் பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்தான். ஆளுக்கொரு வீடும் நெல்லும் கொடுத்து, அவர்கள் பெயர்களைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தான். என் மாணவிகள் அந்தப் பெண்களாக வரட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொருத்தியும் கல்வெட்டிலுள்ள ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஆடுவாள். தென்றல் 'சேரமங்கை'யைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

அவள் அம்மா புஷ்பவல்லி கூகுள் செய்து பார்த்துவிட்டாள். உடனே தலைவர் சபரிநாதன் வீட்டில் மீட்டிங். சமோசா வந்தது, டீ வந்தது, பிறகு விசாரணை. அவர்கள் தேவரடியார்களாமே, குடும்பத்தோடு வருகிற நிகழ்ச்சியாயிற்றே என்றார்கள். அந்த மாதிரிப் பெண்களின் பெயர் தன் மகள் வாயில் வரக் கூடாது என்றாள் புஷ்பவல்லி. கோயில் வேண்டும், சிலை வேண்டும், ஆட்டமும் வேண்டும், ஆடியவள் மட்டும் வேண்டாமாம். நல்ல பொற்காலம்.

சபரிநாதன் சமாதானம் பேசினார்.

"ஸ்டெப்ஸ் எதுவும் மாத்த வேணாம், வான்மதி. பேரை மட்டும் ராணின்னு சேஞ்ச் பண்ணிடுங்க."

என் அம்மாவும் அதைத்தான் செய்தாள். அவள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் ஆடியவர்கள். எனக்கு அடவெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எந்தக் குடும்பம் என்று செத்தாலும் வெளியே சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் வகுப்பு போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டால் இந்த ஊரில் எனக்கென்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

"அந்த மாதிரிப் பொம்பளைங்க வீட்டுப் பொண்ணுதான் நான். உங்க பொண்ணுங்க ஆடற ஒவ்வொரு அடவும் எங்க வீட்டுது."

அடுத்த சனிக்கிழமை கராஜ் காலி.

விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வயிற்றெரிச்சல் இழுத்துக்கொண்டு போயிற்று. தெர்மோகோல் கோயிலுக்கு முன்னால், அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, மேடை முழுக்கக் குந்தவைகள். நான் கோத்த ஜதிகள், நான் மாதக்கணக்கில் திருத்திய அரைமண்டி, எதையும் அவர்கள் மாற்றவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் தட்டவில்லை.

பார்க்கிங்கில் புஷ்பவல்லி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே என் காரருகில் வந்தாள்.

"தென்றலுக்கு அரங்கேற்றம் பண்ணணும். அதுவரைக்கும் கொண்டுபோக இங்க வேற ஆள் இல்ல. எங்க வீட்டுக்கு வந்து க்ளாஸ் எடுப்பீங்களா? வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

"அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்களும் யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லித்தான் எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க" என்று சொல்லி, கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.