பங்குக் குளிசை

யூஜீனியா மருந்து டப்பாவைக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு குளிசையும் விழவில்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சனிக்கிழமை அறைகூட வெறுமையாய்க் கிடந்தது. கிழமைக்கு ஓர் அறை வைத்த அந்த டப்பாவை இத்தாலியிலிருந்து அனுப்பியவள் மச்சாள் சுஜாந்தி, மாமனாரின் மகள். டப்பாவை ஒருமுறைதான் அனுப்பினாள். புத்தியைத் தினமும் போனில் அனுப்புகிறாள்.

மாமனார் வின்சன்டுக்குப் பிரஷர். மாசியில் வாய் ஒரு பக்கம் கோணி, மாதாவின் புண்ணியத்தில் நேரானது. இன்னொருமுறை வந்தால் ஆள் எழும்பமாட்டார் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு காலையும் தவறாமல் குளிசையைக் கையில் கொடுக்கிறாள். "வெறும் வயித்துல எரியும், கடற்கரையில டீயோட போடுறன்" என்று அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் அவசரத்தில் நம்பாமல் என்ன செய்வது?

போன கிளினிக்கில் பிரஷர் இறங்கவே இல்லை. டொக்டர் அளவைக் கூட்டினார். வீட்டில் மருந்து கொடுப்பது யார் என்று சிங்களத்தில் கேட்டு அவளைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மச்சாளோ, "நீங்க ஒழுங்காக் குடுக்கிறல்ல போல" என்று ஓர் இழுவை இழுத்தாள்.

இன்றைக்கு டப்பாவையே வழித்துக்கொண்டு போய்விட்டார் மனுசன். செருப்பைக்கூட மாட்டாமல் கடற்கரைக்கு நடந்தாள்.

கவிழ்த்த தோணியின் நிழலில் வின்சன்ட், மீரா முகைதீன், குலசேகரம். ஒரே கரைவலையை ஆண்டுக்கணக்கில் இழுத்தவர்கள். நடுவே விரித்த துவாய்த் துண்டில் குளிசைகள், மீனைப் பங்கு வைப்பதுபோல் குவியல் குவியலாக.

"என்ன மாமா இது?"

"பங்கு, பிள்ள." வின்சன்ட் கொஞ்சமும் கூசவில்லை. "மீராவுக்குப் பிரஷர் குளிசை முடிஞ்சு போச்சு. கால் ஏலாம கிளினிக்குக்கும் போகல்ல. குலத்துக்கும் பிரஷர்தான்."

"மீனா இது, பங்கு வைக்க? உங்கட பேருக்கு எழுதின மருந்து! இதத் திண்டு இவங்க விழுந்தா ஆர் பதில் சொல்ற?"

"ஒரு வலை இழுத்த ஆக்கள். நான் மட்டும் எப்பிடி விழுங்கிற?"

மீரா முகைதீன் சமாதானத்துக்கு வந்தார். "கோவிக்காதீங்க மகள். எனக்குக் கிடைச்சா நானும் இவனுக்குப் பங்கு வைக்கிறதானே. போன கிழம என்ட சீனிக் குளிசையில பாதி இவன்தான் போட்ட."

"மாதாவே!" யூஜீனியா தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரத்தத்தில் சீனி கூடும் வருத்தமே இல்லாத மனுசன்! இவ்வளவு நாளும் அவள் கொடுத்தது ஒன்று, அவர் விழுங்கியது இன்னொன்று. பேச்சு வாங்கியது மட்டும் அவள். அழுகைகூட வந்தது, ஆத்திரத்தில்.

துவாயில் நான்கு குவியல் இருப்பதை அப்போதுதான் கண்டாள்.

"அது ஆருக்கு?"

"உனக்கு" என்றார் வின்சன்ட். "தலையிடி எண்டு நெத்தியில துணியக் கட்டிக்கிட்டுத்தானே திரியிற. உனக்கு மருந்து தர ஆர் இருக்கா?"

அவள் கை தானாக நெற்றித் துணியைத் தொட்டது. பிறகு இன்னும் கோபம் வந்தது.

"ஒருத்தரும் ஒண்டையும் வாயில வைக்கப்படாது. நாளைக்கு மூண்டு பேரும் என்னோட கிளினிக்குக்கு வாறீங்க."

குனிந்து பார்த்தாள். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். எது பிரஷர், எது சீனி, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கையிலிருந்த போன் அடித்தது. சுஜாந்தி.

கச்சான் காற்று கிளம்பித் துவாயைத் தூக்கியது. ஒருவரும் சொல்லாமலே கிழவர்கள் மூவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலாவது முனை அவள் முழங்காலில் அடித்துப் படபடத்தது. போன் அடித்துக்கொண்டேயிருந்தது.