தூணுக்குத் தைத்த ரவிக்கை

எங்கள் தலைமையாசிரியர் தோமினிக் சாருக்கு வருடத்தில் ஒரே ஒரு சந்தோஷம்தான். ஆண்டறிக்கை. மாசி பிறந்தால் போதும், மனிதருக்குக் கால் தரையில் பாவாது. "தச்சுப் பிரிவு, சென்ற ஆண்டு பதினான்கு பேர், இவ்வாண்டு பத்தொன்பது பேர். தையல் பிரிவு, ஐவர் எழுதி ஐவரும் தேர்ச்சி" என்று ராகம் போட்டுப் படித்துக்கொண்டே வராந்தாவில் உலாத்துவார். 'வளர்ச்சி' என்கிற சொல் பத்து வரிக்கு ஒருதரம் வர வேண்டும். வராவிட்டால் உப்பில்லாத கூழைக் குடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

செஞ்சியில் எங்கள் தொழிற்பள்ளி தொடங்கி அப்போது மூன்று வருடம். வெள்ளைக்காரன் போய் ஏழு மாதம். நான் அமலோற்பவம், தையல் டீச்சர், வயது இருபத்தாறு, வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை.

அந்த வருடம் என் வகுப்பில் சர்க்கார் பரீட்சைக்கு ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் கடைத்தெருப் பக்கத்துப் பெண்கள். ஒன்பதாவது மீனம்பாள். அவலூர்பேட்டை ரோட்டில் இரண்டு மைல் தள்ளி இருக்கும் சேரியிலிருந்து நடந்து வருவாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். புருஷன் ரங்கூனுக்குப் போனவன், யுத்தத்தோடு சேதியே இல்லை. அண்ணன் ஆதிமூலத்தின் வீட்டில் இருந்தாள். அவலூர்பேட்டை பக்கம் சேரிப் பிள்ளைகளுக்கு நடக்கும் லேபர் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். சர்க்கார் சர்ட்டிபிகேட் இருந்தால் அந்த வேலை மீனம்பாளுக்கு. இல்லாவிட்டால் மறுபடி கழனி வேலை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் வந்து சேர்ந்த முதல் நாள், இரண்டிரண்டு பேராக நின்று ஒருத்திக்கு ஒருத்தி அளவெடுக்கச் சொன்னேன். ராயம்மாள் என்கிற வாயாடி இரண்டடி தள்ளி நின்றாள். மற்றவர்கள் நாலடி. மீனம்பாள் கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். எனக்குச் சண்டை வளர்க்க அன்றைக்குச் சோம்பல். "சரி, நீ அந்தத் தூணுக்கு அளவெடு" என்று சொல்லிவிட்டேன். கூடத்து நடுவில் ஒரு மரத்தூண், நல்ல பருமன். அன்றிலிருந்து இரண்டு வருடம் அவள் அந்தத் தூணுக்குத்தான் அளவெடுத்தாள். சாக்கட்டியால் கழுத்து, மார்பு, இடுப்பு என்று கோடு போட்டு வைத்திருந்தாள். "மீனம்பாளோட தூணு மாப்ள" என்று ராயம்மாள் கேலி செய்வாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், சத்தியமாக.

ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்பார்கள். எங்கே போயிற்று? மாதா கோவிலில் எங்களுக்கு ஒரு பக்கம், சேரிக்காரர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் மரக் கிராதி. எங்கள் வீட்டில் சாதி கூடத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தது. நான் மட்டும் வானத்திலிருந்தா குதித்தேன்?

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது விதிமுறைத் தாள் வந்தது. ஒவ்வொருத்தியும் எதிரில் நிற்கும் ஆளுக்கு அளவெடுத்து, வெட்டி, ரவிக்கை தைத்து, அதை அந்த ஆளுக்கே போட்டுக் காட்ட வேண்டும். துணிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், ஆளுக்கு ஒரு துண்டுதான், கெட்டால் கெட்டதுதான். நான் வாசித்து முடித்ததும் மீனம்பாள் எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, பரீட்சைல தூணு இருக்குமா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில், "இன்னா இளிப்பு? பல்லு சுளுக்கிக்கப் போவுது" என்று அவளை அதட்டினேன். கோபம் என் மேல்தான். அவள் தலையில் இறக்கினேன்.

தோமினிக் சாரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

"எட்டுப் பேருன்னா நாலு ஜோடி. ஒம்போதாவதுக்கு ஆளு இல்ல. அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எழுதட்டுமே, அமலோற்பவம். எட்டுக்கு எட்டுன்னு அறிக்கைல போட்டா எப்படி இருக்குது பாரு!"

"நான் நிக்கிறேன் சார்."

"இன்னா?"

"அவளுக்கு ஆளா நான் நிக்கிறேன்."

பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். பாதி வீம்பு. 'அடுத்த வருஷம்' என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு நின்று பழக்கியிருக்கலாம் இல்லையா? அதுதான் இல்லை. அவள் அண்ணன் மேல்மலையனூர் அம்மன் கோவில் அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். அவளும் போனாள், வேண்டுதலாம். திரும்பி வந்ததும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் கழனி. வந்து நின்றது பரீட்சையன்று காலையில்தான்.

கடலூரிலிருந்து வந்த பரீட்சை அம்மாள் கண்ணாடி போட்டவர், கறார்ப் பேர்வழி. என்னைப் பார்த்து, "ஆள் யாரா இருந்தாலும் சரி. ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பொண்ணு சொல்லாம நீங்களா அசையக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார். தலையாட்டினேன்.

மீனம்பாள் என் எதிரில் வந்தாள். குளித்து எண்ணெய் தடவி வாரியிருந்தாள். டேப்பை விரித்தாள். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள், ஆனால் டேப் என் மேல் படவில்லை. சட்டைக்கும் டேப்புக்கும் நடுவில் அரை அங்குலக் காற்று. மூச்சை அடக்கிக்கொண்டு அளவெடுத்தாள், கொதிக்கிற பானையை இறக்குகிறவள் மாதிரி. மற்ற ஜோடிகள் "ஏ, திரும்புடி", "நிமிருடி" என்று ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தள்ளி அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கைக்குழி அளவு வந்தது. கையைத் தூக்கினால்தான் அக்குளைச் சுற்றி டேப் போகும். நான் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றேன். தூக்கச் சொல்லுடி, சொல்லுடி என்று மனசுக்குள் கத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். டேப்பைத் தோளுக்கு மேலேயே வைத்து, கண்ணளவாக ஒரு எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டாள். தூணுக்குக் கை ஏது? கையைத் தூக்கு என்று தூணிடம் அவள் எந்த நாளில் சொன்னாள்?

மத்தியானம் ரவிக்கை வந்தது. தையல் என்றால் தையல், எறும்பு வரிசை போல. கழுத்து வெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மறைப்புக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அக்குளில் கவ்விப் பிடித்தது.

"கையைத் தூக்குங்க" என்றார் பரீட்சை அம்மாள்.

பாதிக்கு மேல் போகவில்லை. அவர் சீட்டில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவ்வளவு நல்லா தைக்கிற பொண்ணுக்கு அளவெடுக்க யாருங்க சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். மீனம்பாள் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

சித்திரையில் ஆண்டு விழா. தையல் பிரிவின் அறிக்கையை நான் எழுதித் தர வேண்டும். எழுதினேன். 'ஒன்பது பேர் எழுதினர். எட்டுப் பேர் தேறினர். தேறாதவருக்கு இரண்டு ஆண்டுகளாக அளவெடுக்க ஆள் தரப்படவில்லை. இது அவர் குறையன்று, ஆசிரியையின் குறை.' மேடையில் தோமினிக் சார் கணீரென்று படித்துக்கொண்டே வந்தார். "எட்டுப் பேர் தேறினர்" என்றதும் கைதட்டல். அடுத்த வரியைப் பார்த்தார், இருமினார், தண்ணீர் குடித்தார், தச்சுப் பிரிவுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் மீனம்பாள் இல்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன கேட்டிருக்கப் போகிறாள்?

மறுநாள் வெயிலோடு அவலூர்பேட்டை ரோட்டில் நடந்தேன். மேற்கே மலைப் பாறையெல்லாம் அனல். நிலக்கடலை பறிக்கும் காலம். கழனியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மீனம்பாள் என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க டீச்சரம்மா? வேலைக்கு வேற ஆளு போட்டுட்டாங்க."

"தெரியும். ஐப்பசியில திரும்பப் பரீட்சை வருது. வா."

"வந்து? திரும்ப அந்தத் தூணக் கட்டிப் புடிச்சிக்கவா?" செடியை உதறினாள், மண் என் காலில் தெறித்தது. "ரெண்டு வருசம் டீச்சரம்மா. ரெண்டு வருசம் எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன். தப்புதான். மன்னிச்சிடு" என்றேன். "இனிமே யாருக்கு யாரு ஜோடின்னு நான் சொல்றதுதான். நிக்க முடியாதுன்னா வெளிய போன்னு சொல்லிட்டேன். பதினொரு பொண்ணுங்க சேர மனு போட்டுதுங்க, இதக் கேட்டு ஏழாச்சு. வளர்ச்சி போச்சேன்னு தோமினிக் சாருக்குச் சோறு எறங்கல."

பக்கத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மீனம்பாள் சிரிக்கவில்லை. ஆனால் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வை என் தோளில் வந்து நின்றது. அவள் தைத்த ரவிக்கையைத்தான் நான் போட்டிருந்தேன்.

"அதைப் போயி இன்னாத்துக்குப் போட்டுக்கினு வந்தீங்க? புடிக்குதில்ல?"

"புடிக்குது. எங்கன்னு நீயே பாரு." பையிலிருந்த டேப்பை நீட்டினேன்.

மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மீனம்பாள் முந்தானையில் கையைத் துடைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, துடைக்காமலே டேப்பை வாங்கிக்கொண்டாள். வரப்பில் ஏறி என் எதிரில் நின்றாள்.

"கையத் தூக்குங்க."

தூக்கினேன். அக்குளில் தையல் பர்ரென்று விட்டது.

"அசையாதீங்க" என்று மண்ணும் ஈரமுமாயிருந்த கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, டேப்பை இழுத்து என் மேல் அழுத்தி வைத்து, எண்ணை உரக்கப் படித்தாள்.