ஒப்பீட்டு வீடு

மரணத்தைப் பதியக் கிராம சேவகர் அடையாள அட்டையைக் கேட்டபோதுதான் ராஜினி அப்பாவின் பொலித்தீன் பையை அவிழ்க்க உட்கார்ந்தாள். வெளியே பந்தலுக்குக் கட்டை இறுக்குகிற சத்தம். நடுவறையில் வெள்ளை வேட்டி போர்த்தி அப்பா வீரபாகு கிடந்தார். எதைக் கட்டினாலும் மூன்று முடிச்சுப் போடுகிற மனிதர் அவர். கடைசி முடிச்சு நகத்துக்குப் பிடிகொடுக்கவேயில்லை. பல்லால் கடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

அடையாள அட்டை இருந்தது. கிளினிக் கொப்பி இருந்தது. அதற்கும் கீழே, நாலாக மடித்து, மூன்று துண்டுச் சீட்டுகள். 'தகவல் தந்தமைக்கு நன்றி. வீட்டு இலக்கம் 117.' ஒவ்வொரு வருடமும் கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஆய்வுக்காரர் கிழித்துக் கொடுக்கிற சீட்டு. ராஜினிக்கும் அதே வேலைதான். அவளும் வேறு ஊர்களில் வீடு வீடாகப் போய் நூற்றுக்கணக்கில் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் வேலிப் படலை தாண்டுமுன்பே பலர் அதைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். அப்பா காணி உறுதியைப் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"என்ன பிள்ளை, கிடைச்சுதா?" என்று கிராம சேவகர் வாசலில் நின்று கேட்டார்.

"ஓம் சேர், இந்தா வாறன்."

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சீட்டுகளைப் பையிலேயே போட்டு மறுபடியும் முடிந்துவைத்தாள்.

செட்டிகுளத்திலிருந்து மூன்று மைல் கட்டை உள்ளே இருக்கிறது அந்த ஊர். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய இடம். வீரபாகுவுக்கு அப்போது பதினைந்து வயது. கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் சுண்ணாம்பு கெட்டியாகப் படியும். நாலைந்து வீட்டுக்கு ஒரு கிட்னி வருத்தக்காரர். குளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் அதே தண்ணீர்தான், அதே வருத்தம்தான். மூன்று வருடத்துக்கு முன்னர் வெளிநாட்டு உதவியில் காலநிலை மாற்றத் திட்டம் என்று ஒன்று வந்தது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு, மழைநீரைச் சேர்த்துக் குடிக்கத் தாங்கி கட்டிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்துக்குக் கேள்விதான் வந்தது.

கொடுத்த உதவி பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குத் தாங்கி கிடைத்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது, கிடைக்காதவர்களையும் பார்க்க வேண்டும். அதனால் கொழும்பில் கணினியில் சீட்டுக் குலுக்கி இருபது ஊர்களைப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். தாங்கி கிடைத்தவை பயனாளி வீடுகள். மற்றவை ஒப்பீட்டு வீடுகள். ராஜினிக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒப்பீட்டு வீட்டாருக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் அவர்கள் நடந்துகொள்வது மாறிவிடும். தாங்கியால் நன்மை உண்டா இல்லையா என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அதில் பிழை பிடிக்க ராஜினிக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வேலையால்தான்.

சொந்த ஊரில் தானே ஆய்வு செய்யக் கூடாது என்பது விதி. அதனால் வீரபாகு வீட்டுக்கு மேற்பார்வையாளன் கோகுலன் வந்தான். அவன் வருகிற நாளில் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. இஸ்திரி போட்ட சட்டையோடு கதிரையைத் துடைத்துவைத்துக் காத்திருப்பார். எத்தனை வாளி அள்ளுகிறீர்கள், யார் அள்ளுகிறார்கள், போன மாதம் எத்தனை நாள் வயிற்றோட்டம் என்று அவன் ஒன்றைக் கேட்டால் இவர் இரண்டாகப் பதில் சொல்லுவார். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவர்கள் சும்மாவா கேட்பார்கள்? அந்தப் பக்கத்திலும் முதலில் கேட்டுவிட்டுத்தானே கொடுத்தார்கள்?

"நம்ம மக ஆபீஸ்லயே இருக்கா. பேரு தப்பாது," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஊரும் நம்பியது. ஊரின் இருபத்தாறு வீடும் ராஜினியின் முகத்தை நம்பிக்கொண்டு இருந்தன.

அதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு நாள் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் இரண்டு பேர் வந்தார்கள். வருத்தக்காரர் இருக்கிற வீடுகளுக்குத் தண்ணீர் பில்டர் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள், வீரபாகுவின் வீங்கின முகத்தைப் பார்த்ததும் பெயரை எழுதக் கொப்பியைத் திறந்துவிட்டார்கள். ராஜினி குசினியில் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க சிஸ்டர்," என்றார் அப்பா. "நமக்குப் பெரிய எடத்துல பேரு பதிஞ்சிருக்கு. ரெண்டு எடத்துல வாங்குனா மொத எடத்துல வெட்டிருவாங்க. பேரு இல்லாத வூட்டுக்குக் குடுங்க."

அது அவர் பட்டறிந்த பாடம். இரண்டு பட்டியலில் பெயர் இருந்த குற்றத்துக்காக வீட்டுத்திட்டத்தில் வெட்டுப்பட்டவர்களை மீள்குடியேற்றக் காலத்தில் கண்ணால் கண்டவர்.

குசினிக்கும் முற்றத்துக்கும் எட்டடி தூரம். ராஜினி அந்த எட்டடியைப் போகவில்லை. சீனி போட்ட கோப்பையிலேயே திரும்பவும் சீனி போட்டுக் கலக்கினாள். பில்டர் நெளுக்குளத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போனது.

பில்டர் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? டொக்டரைக் கேட்டால் வருத்தம் முன்னமே முற்றிவிட்டது என்பார். தண்ணீரால்தான் வந்தது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அது தெரியாமலேயே தான் கிழவியாகப் போகிறோம் என்பதுதான் விடிந்ததிலிருந்து ராஜினியைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்து அழ ஊர்ப் பெண்கள் இருபது பேர் இருந்தார்கள். இதைச் சொல்லி அழ ஒருவரும் இல்லை.

பதினொரு மணிபோலக் கோகுலன் மலர்வளையத்தோடு வந்தான். நல்லவன்தான். அப்பாவின் காலடியில் நின்று உண்மையாகவே கண்கலங்கினான். பிறகு ராஜினியை வேலியோரமாகக் கூப்பிட்டான். கையில் டப்லெட் இருந்தது.

"ராஜினி, குறை நினைக்காதேங்கோ. கடைசிச் சுற்று நாளையோட மூடுறாங்கள். நூற்றிப் பதினேழு மட்டும் திறந்தபடி கிடக்கு. ஏலாதெண்டாச் சொல்லுங்கோ, நான் எதையும் போட்டுச் சமாளிக்கிறன்."

"சமாளிக்க வேண்டாம் அண்ணா. கேளுங்கோ."

அவன் கேள்வியை வாசித்து முடிக்குமுன்னரே அவள் பதிலைச் சொன்னாள். எல்லாம் மனப்பாடம். வீட்டில் ஆட்கள், அம்மாவோடு இரண்டு. தம்பி ஜனார்த்தனன் கொழும்பில் கடையில் நிற்கிறவன், கணக்கில் வரமாட்டான். குடிதண்ணீர், மூன்றாம் இலக்கம், திறந்த கிணறு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் வீட்டில் இறப்பு, ஒன்று. காரணம், ஆறாம் இலக்கம், சிறுநீரகம். கோகுலனின் விரல் திரையில் தயங்கித் தயங்கித் தொட்டது.

"பயனாளிப் பக்கத்தில இந்தமுறை எத்தினை?" என்று ராஜினி கேட்டாள்.

"என்னது?"

"ஆறாம் இலக்கம்."

"பத்து ஊருக்குமா? ரெண்டு."

"ஒப்பீட்டுப் பக்கத்தில?"

அவன் மலர்வளையம் கிடந்த பக்கம் பார்த்தான். "அப்பாவோட ஏழு."

ஏழுக்கும் இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்குத் திட்டம் நல்ல திட்டம். அறிக்கையில் அப்படித்தான் வரும். அப்பா இன்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்திருந்தால் திட்டத்தின் பெறுமதி கொஞ்சம் குறைந்திருக்கும். கடைசிவரைக்கும் எவ்வளவு ஒத்தாசையான மனிதர்! ராஜினிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. செத்தவீட்டில் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்தாள். அதற்குப் பிறகுதான், காலையிலிருந்து வராமல் நின்ற அழுகை வந்தது.

"அறிக்கை நல்லா வந்தா இஞ்சாலயும் தருவினம் எண்டு ஒரு கதை இருக்கு," என்றான் கோகுலன்.

"எப்ப?"

"அது எனக்குத் தெரியாது ராஜினி." குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு முடியுமட்டும் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

மூன்று மணிக்குத் தப்பு முழங்க ஆண்கள் வீரபாகுவைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு நடந்தார்கள். ஜனார்த்தனன் மொட்டைத் தலையோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். பெண்களுக்குப் படலையோடு சரி. திரும்பிவந்து வீடு கழுவி, முழுகி, தலையை உலர்த்திக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அம்மா பேச்சியம்மா ராஜினியின் பக்கத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஏம் புள்ள, அப்பா பேருல வர இருந்த தாங்கிய இனி ஏம் பேருக்கு மாத்துவாங்களா? எங்கயாச்சும் கையெழுத்து வைக்கணுமா?"

ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. புருசன் மூன்று வருடம் காத்திருந்த பொருள் அவரோடு சாம்பலாகிப் போகக் கூடாதே என்று கேட்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ராஜினியின் மனது அடித்துக்கொண்டது. அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள்.

"பிறகு கதைப்பம் அம்மா."

"நீ ஆபீஸ்ல இருக்கிறப்ப நமக்கென்ன பயம்," என்று பேச்சியம்மா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு ஆண்கள் திரும்பினார்கள். சுடலைக்குப் போய்வந்தவர்கள் கால் கழுவாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. ராஜினி வாளியும் செம்புமாகப் படலையில் நின்றாள். முன்னுக்கு வந்தவர் பக்கத்து வளவு மாயாண்டி. அப்பாவோடு சேர்ந்து காடு வெட்டியவர், நாற்பத்தேழு வருடச் சிநேகிதர். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக் காலை நீட்டினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு வார் அழுத்தின இடம் பள்ளமாகவே நின்றது. அப்பாவுக்கும் காலில்தான் தொடங்கியது.

"மாமா, கிளினிக்குக்குப் போனீங்களா?"

"போவம் போவம். தாங்கி வந்திட்டா தண்ணி மாறும், எல்லாம் சரியாகிரும்." பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, இரகசியம் போலச் சொன்னார். "போன கெழம சிஸ்டரம்மா வந்து ஏங்கிட்டயும் பில்டர் வேணுமான்னு கேட்டாங்க. வீரபாகு சொன்ன மாதிரியே நானும் சொல்லிட்டேன். பேரு வெட்டுப்பட்டாப் பொறவு யாரு திரும்ப எழுதுறது?"

ராஜினியின் கை செம்போடு அந்தரத்தில் நின்றது.

"மாமா, அதை வாங்குங்கோ. நாளைக்கே போய் வாங்குங்கோ. எங்களுக்குத் தாங்கி வராது."

"என்னம்மா சொல்ற?"

"வராது மாமா. எங்கட ஊருக்கு அது இல்லவே இல்லை. துவக்கத்திலயே இல்லை. கேட்டு எழுதுறதுக்கு மட்டும்தான் எங்கட பேரை எடுத்தவை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்பாவுக்குச் சொல்லேல்லை." குரல் உடைந்து உரத்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சியம்மா வாசலுக்கு எழுந்து வந்தாள்.

மாயாண்டி அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையால் அவள் தலையைத் தடவினார்.

"அப்பன் போனதுல புள்ளைக்கு எல்லாமே போயிட்ட மாதிரித் தெரியுது," என்று பின்னால் திரும்பிச் சொன்னார். "அழாத தாயி. மனச விட்றாத. வரும். கட்டாயம் வரும்."

"ஆமா, வராம எங்க போகப் போவுது," என்றார்கள் வரிசையில் இரண்டு மூன்று பேர், அவளுக்காக இரங்கி.

மாயாண்டி ஈரக் காலோடு முற்றத்தைக் கடந்து உள்ளே போனார். அடுத்தவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக் காலை நீட்டினார். ராஜினி குனிந்து தண்ணீரை ஊற்றினாள்.