இராஜம்மாவுக்குச் சுகமானது

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கனகேஸ்வரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடிந்தது. சனிக்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கணவர் விநாயகமூர்த்தி ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் அவளைத் தொட்டுப் பேச ஆள் இல்லை. மாதர் சங்கத்துச் சிவமலர் அக்காவோடு சனிக்கிழமைதோறும் நோயாளிகளுக்கு உதவ ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

காய்ச்சல் வார்டில் கிடக்கும் ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்குத் தலைவாரி விடுவது அவள் வேலை. கிள்ளான் பக்கம் பால்மரம் வெட்டும் இராஜம்மாவிடம் மட்டும் கடைசியாகத்தான் போவாள். அங்கே அவசரப்பட வேண்டாம். போன வாரம் இராஜம்மா கேட்டாள்:

“ஒனக்கு யாரு தாயி சட பின்னி வுடுறது?”

“ஊரில தங்கச்சி பின்னுவாள். இங்க நானேதான்.”

“ஏன், ஒங்க வூட்டுக்காரரு?”

“அவரின்ட தலையில வாரிறதுக்கே மயிர் இல்லை.”

வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு அடுத்த வெள்ளிவரை போதும்.

இந்தச் சனிக்கிழமை இராஜம்மா கட்டிலில் இல்லை. தானே வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

“டாக்டரு தொர நாளைக்கே போவச் சொல்லிட்டாரு தாயி!”

“நல்ல சந்தோஷம்” என்றாள் கனகேஸ்வரி. வாய்தான் சொன்னது. விட்டு விட்டு வருகிற காய்ச்சல்தானே, இன்னும் ஒரு தரம் திரும்பினால் என்ன என்று மனம் ஓடியது. அது போய் நின்ற இடத்தைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது.

“மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது? காச்ச திரும்புனா நானும் ஓடியாந்துற மாட்டேனா?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ!” கனகேஸ்வரி பதறினாள். “நீங்க இங்க வரவே வேண்டாம். சுகமா இருங்கோ.”

இராஜம்மா அவளையே பார்த்தாள். பிறகு கட்டிலைத் தட்டினாள்.

“உக்காரு.”

கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள் உச்சியில் பட்டதும் கனகேஸ்வரியின் தோள்கள் தாமாகவே இறங்கின. கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் சிவமலர் அக்கா வந்து நின்றார்.

“என்ன பிள்ளை இது? நாங்கள் செய்ய வந்தனாங்களோ, செய்விக்க வந்தனாங்களோ? பேன் ஏறப்போகுது. எழும்பும், ரிக்ஷா நிக்குது.”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. சடை முடியட்டும்.”

இராஜம்மா முக்கால்வாசி பின்னியிருந்த சடையை மெதுவாக அவிழ்த்துவிட்டு, மறுபடியும் உச்சியிலிருந்து வாரத் தொடங்கினாள்.